பேர் எழுதாத ஓலை

கோட்டைக்குப்பத்தில் படகுக்காகக் காத்திருக்கிறேன். ஏரியின் அக்கரையில் ஒல்லாந்தர் கோட்டைக் கொடி தெரிகிறது. அங்கே துணி வியாபாரி ஒருவர், மகள் கல்யாணத்தில் காதல் பாட்டுப் பாட என்னை அழைத்திருக்கிறார்.

மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சரிசெய்யும் பெண் ஒருத்தி தனக்குத் தானே பாடுகிறாள்.

"முகத்துவாரம் மண்ணடைச்சாலும் ஏரித்தண்ணி கடலைத் தேடும்,
எந்தச் சீமை போனாலும் என் கண்ணு உன் வாசல் தேடும்."

"யார் கட்டுன பாட்டும்மா இது?"

"எங்க ஊட்டுக்காரரு சாமி. ஒல்லாந்தன் கப்பல்ல கடல் தாண்டி பத்தாவியாவுக்குப் போய் மூணு வருசம் ஆவுது. போற அன்னிக்குப் பாடுனாரு. அப்பால தெனம் நான் பாடுறேன்."

பிரிவைப் பற்றிப் பழம்புலவர்கள் பாடியதையெல்லாம் மனப்பாடம் செய்தவன் நான். நானே நூறு பாட்டுக் கட்டியிருக்கிறேன். அதில் ஒன்றையாவது என் மனைவி வேலைக்கு நடுவே முணுமுணுத்து நான் கேட்டதில்லை. முகம் தெரியாத அந்த மீனவன்மேல் எனக்கு வயிறு எரிகிறது.

"எழுதிக்கட்டுமா?" என்று ஓலையை எடுக்கிறேன்.

"எழுதிக்கோ சாமி. ஆனா எங்க பாடினாலும் அவரு பேரைச் சொல்லித்தான் பாடணும்."

"பேரு என்ன?"

வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். "புருசன் பேரை நான் எப்டி சொல்றது? தோ, படகுக்காரரு வர்றாரே, அவரோட தம்பிதான். அவரைக் கேளு."

பாட்டை எழுதி முடித்துப் படகில் ஏறுகிறேன். தம்பி கோலை ஊன்றித் தள்ளியபடி கேட்கிறான்.

"எங்க அண்ணி இன்னா சொல்லுச்சு சாமி?"

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி ஓலையை மடியில் செருகிக்கொள்கிறேன்.