பெருங்கப்பலைத் தொடப் போன குச்சிப் படகு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டுமே! எங்கள் மாதிரிக் கப்பல் சங்கக் கூட்டத்தில் என் கணவர் எழுந்து நின்று பேசியதைக் கேட்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

நாங்கள் மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெக்கான் நானாஸ் பக்கம், அன்னாசித் தோட்டத்தை ஒட்டிய ஒரு பழைய மீன் குளத்துக்குப் போய் மாதிரிக் கப்பல்கள் விடுவோம். கையில் ரிமோட், தண்ணீரில் பழைய காலத்துப் போர்க்கப்பல். மற்றவர்கள் பீரங்கிக் கப்பல்களாகச் செய்து குவிக்க, நான் மட்டும் டார்பிடோ படகு செய்வேன். ஆரம்ப காலத்து டார்பிடோ படகு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒல்லியான நீராவிப் படகு, முன்னால் ஒரு நீளக் குச்சி, குச்சி நுனியில் வெடிமருந்து. இருட்டில் பதுங்கிப் போய்ப் பெரிய கப்பலின் வயிற்றில் அதை முட்ட வேண்டும். நினைத்துப் பாருங்கள், ஒரு நாட்டின் கஜானாவையே கொட்டிக் கட்டிய இரும்பு மலை, நாலைந்து பேர் ஓட்டி வரும் படகைக் கண்டு நடுங்கியிருக்கிறது! அதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் பைத்தியம்.

அப்புறம் தண்ணீருக்கடியில் தானாக நீந்திப் போய் வெடிக்கும் டார்பிடோ வந்தது. பெரிய கடற்படைகளுக்குத் தூக்கம் போயிற்று. இந்தச் சின்னப் படகுகளை விரட்டிப் பிடிக்கவென்றே இன்னும் வேகமான ஒரு கப்பலைக் கட்டினார்கள். இன்று நாசகாரி என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதன் பிறப்பு அதுதான். முதலில் அதன் பெயரே டார்பிடோ படகு அழிப்பான். என் கணவர் கட்டியதும் அதைத்தான். மூக்குப் பக்கம் ஆமை முதுகு மாதிரி வளைந்த தளம், வரிசையாகப் புகைபோக்கிகள், கறுப்புச் சாயம். அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எங்கள் குளத்து விளையாட்டும் அதேதான். நடுவில் பெரிய பீரங்கிக் கப்பல் மெதுவாகச் சுற்றும். அதன் இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு தகடு, எதில் எது பட்டாலும் உள்ளே மணி அடிக்கும். டார்பிடோ படகு ஏதாவது ஒரு தகட்டைத் தொட வேண்டும், நாசகாரி அதற்குமுன் படகைப் பிடிக்க வேண்டும். நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. என் படகு ஒல்லி, சட்டென்று திருப்பினால் குப்புறக் கவிழும். யாராவது இடுப்பளவு சேற்றில் இறங்கித் தேட வேண்டும், அதுவரை ஆட்டம் நிற்கும்.

அதைச் சொல்லித்தான் கூட்டத்தில் என் கணவர் எழுந்தார். "பாய், இந்தக் குச்சிப் படகுங்களை நிப்பாட்டிறலாம். ஒவ்வொரு வாட்டியும் முழுகுது. பெரிய கப்பலுங்களை மட்டும் விடுவோம்."

பாய் எங்கள் சங்கச் செயலாளர். ஊரில் உணவகம் வைத்திருக்கிறார், அந்தப் பீரங்கிக் கப்பலும் அவருடையதுதான். அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அடுத்த ஞாயிறு ஒரு வாய்ப்பு. மணி அடிச்சா உங்க படகு இருக்கும். இல்லன்னா பெரிய கப்பல் மட்டும்தான் லா."

அந்த வாரம் நான் கணவரிடம் உப்பு, புளி தவிர வேறு எதுவும் பேசவில்லை. சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் கடக்கும் பேருந்தில் நின்றுகொண்டே யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் பிடிபட்டது.

ரிமோட்டில் கப்பல் விடுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள ஒரு வியாதி இது. கப்பல் நம்மைவிட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். அதுவே நம்மைப் பார்த்து வரும்போது நம் இடது அதற்கு வலது. கை குழம்பிவிடும். அதனால்தான் எல்லாரும் குளத்தின் பலகைத் துறையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தே விடுவார்கள். என் கணவரும் அங்கேதான் நிற்பார். நான் தினமும் வேலை முடிந்து, பக்கத்துப் பூங்காக் குளத்தில் படகை என்னை நோக்கியே ஓட்டிப் பழகினேன்.

ஞாயிறு வந்தது. நான் சுற்றிப் போய் எதிர்க்கரையில் நின்றேன்.

"அங்க ஏன் நிக்கிற? வெயில் அடிக்குது!" என்று துறையிலிருந்து கத்தினார் கணவர்.

"உங்க வேலையப் பாருங்க!"

பாய் விசில் ஊதினார். துறையிலிருந்து என் படகு பாய்ந்தது, என்னைப் பார்த்து! கை சொன்னதைக் கேட்டது. நாசகாரி பின்னாலேயே விரட்டி வந்தது. நான் பீரங்கிக் கப்பலைத் தொடவில்லை, தாண்டி வந்துவிட்டேன். துறையில் சிரித்தார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! என் கரைக்குப் பக்கத்தில் வந்ததும் படகை மெல்ல, கவிழாமல், அரைவட்டமாகத் திருப்பிப் பெரிய கப்பலை நோக்கி விட்டேன். நாசகாரியும் திரும்பியது. இப்போது அது தன் எஜமானரைப் பார்த்தல்லவா வருகிறது! அவர் ஒரு பக்கம் ஒடிக்க, அது மறுபக்கம் ஓடியது.

"அலமாக்!" என்று பாய் அலறினார். நாசகாரி நேராகப் போய்ப் பீரங்கிக் கப்பலின் வயிற்றில் முட்டியது. மணி அடித்தது. தகடு உள்ளே அமுங்கிக்கொண்டதால் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் என் படகு மறுபக்கமாகப் போய்க் குச்சியால் அங்கிருந்த தகட்டைத் தொட்டது. ஏற்கெனவே அடிக்கிற மணி, புதிதாக எப்படி அடிக்கும்?

"பட்டுச்சு! என் குச்சி பட்டுச்சு!" என்று கத்திக்கொண்டே சேற்றில் செருப்பை விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி ஓடினேன்.

பாய் சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார். "நீங்களே சொன்னா செல்லாது தங்கச்சி. வேற யாராச்சும் பாத்தீங்களா?"

எல்லார் கண்ணும் நாசகாரி மேல்தான் இருந்திருக்கிறது. போச்சு, எல்லாம் போச்சு.

"நான் பாத்தேன்" என்றார் என் கணவர்.

பாய் திரும்பினார். "நீங்கதானே நிப்பாட்டச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா பட்டுச்சு பாய். கைதான் குழம்பிப்போச்சு, கண்ணு அவ படகை விட்டு நகரவே இல்ல. அதான் எதிர்ல உங்க கப்பல் இருந்ததே எனக்குத் தெரியல."

பாய் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கணவர் கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். அவருடைய ஆமை முதுகு நாசகாரி இன்னும் தகட்டில் மூக்கை நுழைத்தபடி நின்றது, மணியும் ஓயவில்லை. அதைத் தாண்டிப் போய் என் படகைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இந்தா. குச்சி வளஞ்சிருச்சு பாரு, அடுத்த ஞாயித்துக்குள்ள நிமித்தணும்."