தப்புச் சத்தம் கேட்ட மத்தியானம்

காற்றில் விட்டுவிட்டு வந்த தப்புச் சத்தம் காதில் விழுந்தபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவில் இருந்தவர்கள், ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மா, தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான், சும்மா பேச வந்த பக்கத்துக் காம்பரா அத்தை, ஆக மூன்றே பேர். அப்பா இல்லை. முதல் நாள் தேயிலை மலையில் குளவி கொட்டி, முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, தோட்டத்து லொறியில் அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் சாவுச் செய்தி முதலில் குடும்பத்து மூத்தவர் வீட்டுக்குப் போகும். அவர் வாசலில்தான் முதல் தப்பு விழும். அப்பாவின் அண்ணன் இருந்தது கீழ் டிவிசனில், சத்தம் வந்ததும் அந்தப் பக்கமிருந்துதான். அத்தைக்கு அது போதும்.

"அய்யோ அண்ணி, அண்ணன் போயிட்டாரே!" என்று கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

நானும் அழ ஆரம்பித்தேன். அழுது முடிப்பதற்குள் என் மனதில் அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து, நான் பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்றேன். (எட்டாம் வகுப்போடு நான் நின்றது பிறகு, வேறு காரணத்துக்கு.)

அம்மா பிசைவதை நிறுத்தவில்லை.

"யாரு வந்து சொன்னா ஒனக்கு?"

"தப்பு கேக்கலையா அண்ணி?"

"தப்பு கேட்டுச்சு. பேரு கேட்டுச்சா? அங்க எத்தன வீடு இருக்கு, ஒங்க அண்ணன மட்டும் ஏன்டி கொல்லுற? பதுளையிலருந்து சேதி வந்தா நம்ம லயத்தத் தாண்டித்தான் கீழ போவணும். காலையிலருந்து இந்த ரோட்டுல யாரு போனா? பாண் விக்கிறவன் போனான். வேற யாரு?"

அத்தை யோசித்தாள். வேறு யாரும் போகவில்லை. "அப்ப முடியக் கட்டு" என்றாள் அம்மா.

கொண்டை முடிவதற்குள் மேல் ரோட்டில் தோட்டத்து ஆபிஸ் பியூன் இறங்கி வருவது தெரிந்தது. எங்கள் லயத்தைப் பார்த்துத்தான் வந்தார். அம்மாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்திச்சு. நாளைக்கி டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்களாம். சட்டை ஒண்ணு கொண்டாரச் சொன்னாரு, போட்டிருந்தத வெட்டி எடுத்துட்டாங்களாம்" என்றார்.

கீழ் டிவிசனில் யாரும் சாகவில்லை; காமன் கூத்துத் திருவிழாவுக்குத் தப்பை நெருப்பில் காய்ச்சி அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அடித்தவர்களில் ஒருவர், லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அத்தையின் புருசன். அது சாயங்காலம் தெரிந்து, அத்தையின் காம்பராவில் வேறொரு சத்தம் கேட்டது.

பியூன் போன பிறகு அம்மா பெட்டியிலிருந்து அப்பாவின் நீலச் சட்டையை எடுத்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அதில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதுவரை அம்மாவுக்குப் பயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது சாவுச் செய்தி போட்டோவோடு போனில் வந்துவிடுகிறது. ரோட்டில் யார் போனார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. எல்ல டவுனில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கும் என் மகன் இன்று மத்தியானத்திலிருந்து போனை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது, போன் அடித்தது, அவன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பஸ், பள்ளம், மண்சரிவு எல்லாம் நானாகச் சேர்த்தவை. இது எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் இந்த வரியை முடித்துவிட்டு இன்னொரு தடவை போன் அடித்துப் பார்க்கப் போகிறேன்.