மூணு மாசத் தோட்டக்காரி

மண்வெட்டியை எங்க ஊரு கீழ்பென்னாத்தூர்ல புடிச்சா அது கூலி வேலை. அதையே திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல புடிச்சா அது லேண்ட்ஸ்கேப்பிங். இதை எங்கப்பாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கே! நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போட்டு என்னைத் தோட்டக்கலை படிக்க வெச்சவரே அவருதான். "சேத்துல எறங்கக் கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்? மூணு மாசம் பாரு, சரிப்படலைன்னா கவர்மென்ட் பரீட்சைக்கு கோச்சிங்ல சேந்துடு"ன்னாரு. வீட்டுக்குப் புடிக்காத வேலையைப் புடிச்சுக்கிட்டு முழிக்கிறவங்களே, என் பாட்டையும் கேளுங்க.

மலை தெரியணும்

முதல் ஆர்டர், மாடியில ரூம் வாடகைக்கு விடற ஒரு சார். வாசல்ல நிழலே இல்லைன்னு பொலம்புனாரு. புங்கன் வெச்சா நாலஞ்சு வருஷத்துல நல்லா நிழல் கட்டும்னேன். அவரு மாடியைப் பாத்தாரு, மலையைப் பாத்தாரு. மலை தெரியுதுன்னுதான் வெளியூர்க்காரங்க அங்க தங்க வர்றாங்களாம். அப்புறம் சொன்னாரு: "மரம் வைங்கம்மா, நிழல் ஜாஸ்தி வேணும். ஆனா அது வளரக் கூடாது."

பௌர்ணமிப் பூ

அடுத்தது அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வீடு. வாசல் பூரா பூவா இருக்கணும்னு அந்த வீட்டம்மாவுக்கு ஆசை. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளின்னு வரிசையா வெச்சேன். பூத்துச்சு பாருங்க, என் கண்ணே பட்டுடும்போல இருந்துச்சு.

பௌர்ணமின்னு ஒண்ணு இருக்கறதை மறந்து தொலைச்சுட்டேன். ராத்திரி கிரிவலக் கூட்டம் போன மறுநாள் காலையில போய்ப் பாத்தா ஒரு மொட்டுகூட இல்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தம்மாதான் தேத்துனாங்க: "போனா போவுதும்மா, சாமிக்குத்தானே போச்சு. அடுத்த வாட்டி பூக்காத செடியா வெச்சுடு."

அப்பா வந்தாரு

மாடி வீட்டு சாருக்குக் கடைசியில புல்தரை போதும்னு முடிவாச்சு. புல்லு மலையை மறைக்காதில்ல! அருகம்புல்லைக் கொத்துக் கொத்தா நட்டு, தவறாம தண்ணி ஊத்தினேன். பச்சைப் பசேல்னு வந்துச்சு. மூணு மாசக் கெடு முடியறதுக்கு ரெண்டு நாள் இருக்கு. இதைப் பாத்தா மனசு மாறிடுவாருன்னு நானே அப்பாவை பஸ் ஏறி வரச் சொன்னேன்.

"ஒக்காருப்பா, டீ வாங்கியாறேன்"னு போய்ட்டு வந்தா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குந்தியிருக்காரு. பாதிப் புல்தரை ஓரமா குவியலாக் கெடக்குது. ஆயுசு பூரா வயல்ல அருகு புடுங்கின கை, சும்மா இருக்குமா? "களை இப்படி மண்டிக் கெடக்குதே, உன் பேரு கெட்டுடுமேன்னு எடுத்துட்டேம்மா"ன்னாரு. ஐயோ! "அதான்பா நான் நட்டது"ன்னேன்.

கையில இருந்த புல்லைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. குவியல் மேல தண்ணி தெளிச்சுட்டு, சாயந்திரம் வரைக்கும் என்கூட குந்தி அத்தனையும் திருப்பி நட்டாரு. சொல்லவே வெக்கமா இருக்கு, என்னுதை விட அவரு நட்ட வரிசைதான் நேரா இருந்துச்சு. வீட்டுக்கார சார் வந்து, "இவரு யாரும்மா?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அப்பாவே எழுந்து நின்னு சொன்னாரு: "பொண்ணுகிட்ட வேலைக்கு வந்திருக்கேன் சார், லேண்ட்ஸ்கேப்பிங்."

கோச்சிங் பேச்சு அதோட நின்னுபோச்சு, ஆனா அன்னியிலேர்ந்து டீ வாங்க அவரைத்தான் அனுப்பறேன், புல்லோட அவரைத் தனியா விடறதில்ல.