நிற்காமல் போகிற வண்டி

கமலாவை அடிப்பதற்கென்றே அவள் புருஷன் மாயவன் ஓர் இடம் வைத்திருந்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற பஸ் ஸ்டாப். அவனை விட்டுவிட்டு அவள் தன் அண்ணன் முனியன் வீட்டுக்கு வந்துவிட்டாள். முனியன் இருக்கிற வீட்டுக்குள் வர மாயவனுக்குத் துப்பில்லை. ஆனால் வெள்ளிமலை ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவள் பஸ் ஏறித்தானே ஆக வேண்டும்? காலையிலேயே எமன் மாதிரி வந்து நிற்பான்.

அதே ஹாஸ்டலில் சமைக்கிறவள்தான் நான், ஜெயம்மாள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் முடியைப் பிடித்து நிழற்குடைத் தூணில் மோதினான், முன்பல் உடைந்து ரத்தம் ரவிக்கை வரைக்கும் வழிந்தது. இன்னொரு நாள் கரும்பு வெட்டுகிற கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் மொட்டைப் பக்கத்தால் மணிக்கட்டில் போட்டான். தடுக்கப் போன என் வயிற்றிலும் ஓர் உதை. பஸ்ஸுக்கு நின்ற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். நாசமாய்ப் போகிறவர்கள், செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கமலா ஒரு பழைய மொபெட் வாங்கிப் பார்த்தாள். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே அதற்கு மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அதன் பெட்ரோலையே அதன் மேல் ஊற்றிக் கொளுத்தினான் அந்தப் படுபாவி. எரிந்து முடிகிற வரைக்கும் அவள் கழுத்தை மிதித்துக்கொண்டு நின்றான்.

அன்று ஹாஸ்டலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "அந்த எடத்துல நிக்காம போற வண்டி வேணும்க்கா. மலையில தொங்கக் கூடாது. நூத்தம்பது சிசியா பாத்து வாங்கறேன்."

கள்ளக்குறிச்சியில் பழைய வண்டி விற்கும் பகலவனிடம் போனோம். அவன் ஸ்கூட்டி பக்கமே எங்களைத் தள்ளிக்கொண்டு போனான். கமலா காது கொடுக்கவில்லை. பளபளவென்று பெயின்ட் அடித்து நின்ற ஒரு வண்டியின் சைலன்சருக்குள் விரலை விட்டாள். எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டியது. ஆயில் குடிக்கிற இன்ஜின், வேண்டாம் என்று ஒதுக்கினாள். டேங்க் நசுங்கிய ஒரு கறுப்பு வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. எனக்குப் பரம சந்தோஷம். அவளோ இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தாள், சுட்டது.

"முன்னாடியே சூடு பண்ணி வச்சிட்டு இன்னாத்தங்க காட்டறீங்க? நாளிக்கு வரேன். நான் வர்ற வரிக்கும் தொடாதீங்க."

மறுநாள் ஜில்லென்று கிடந்த வண்டி அவள் ஒரே மிதியில் உயிர் பெற்றது. ஹேண்டில் கோணவில்லை, செயின் தொங்கவில்லை. முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே என்று பகலவன் சொன்னதற்குத் தலையாட்டினாள். தலையாட்டினால் போதுமா? அவள் ஓட்டப் பழகியது முனியனின் ஓட்டை நூறு சிசியில். அதில் எல்லா கியரும் கீழேதான். வேகம் வேண்டுமென்றால் கால் விரலால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். இதிலோ வேகத்துக்குக் குதிகாலால் மிதிக்க வேண்டும், விரலால் அமுக்கினால் கியர் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பழைய வண்டியில் பழகியவர்கள் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. மற்றவர்களுக்குச் சிரிப்போடு போய்விடும்.

வேலைக்கு எடுத்துப் போன முதல் நாள், பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாப் தெரிந்ததும் அவள் முதுகு விறைத்தது எனக்குத் தெரிந்தது. மாயவன் நடு ரோட்டுக்கு வந்தான். கையில் அதே கத்தி. இந்த முறை திருப்பிப் பிடிக்கவில்லை.

பறந்துவிடத்தான் பார்த்தாள் பாவி மகள். பயத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. கால் விரலால் இரண்டு அமுக்கு அமுக்கினாள். மூன்றாவதில் போய்க்கொண்டிருந்த வண்டி முதல் கியரில் விழுந்து அலறியது. பின்சக்கரம் இறுகி, வண்டி குறுக்கே திரும்பிச் சாய்ந்து, அப்படியே தேய்த்துக்கொண்டு போய் அவன் முழங்காலில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி எகிறி விழுந்தது. சைலன்சர் அடியில் கமலாவின் கெண்டைக்கால் வெந்துகொண்டிருந்தது. என் தோள் கழன்றுவிட்டது. வண்டிக்கடியில் கிடந்து மாயவன் தண்ணீர் கேட்டு அலறினான். எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றே சொல்கிறேன்.

கத்தியோடு மறித்தவன் என்று இந்த முறை அந்த ஆண்பிள்ளைகளே சாட்சி சொன்னார்கள். கமலா வேண்டுமென்றே ஏற்றிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மாயவனும் அதைத்தான் நம்பினான். கியர் தப்பிய கதையை அவள் போலீசுக்குச் சொன்னாள், எனக்குச் சொன்னாள், வேறு யாருக்கும் சொல்லவில்லை.

காயம் ஆறி, வண்டியும் சரியாகி மறுபடி கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் மாயவன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டியின் சத்தம் அடங்கியது. கண்ணைத் திறந்தால், அவன் எதிரிலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறாள்! காலைச் சுருக்கிக்கொண்டு எழுந்தவன், கோலை ஊன்றி ஊன்றி நிழற்குடைக்குப் பின்னால் போனான்.

"வாடி, பூடலாம்" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"இருக்கா. இந்த எடத்துல பயமில்லாம கொஞ்ச நேரம் நின்னுகினு இருக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகுதான் வண்டியை உதைத்தாள்.