பேராதனை ஆய்வுகூடத்தில் நான் அணைத்த சுவிட்ச்

எனக்கு எழுத வாசிக்க வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாக வாசியுங்கள். போன வெள்ளிக்கிழமை தெல்தோட்டையிலிருந்து பேராதனைக்குப் போனேன். என் மகள் அங்கே கம்பஸில் விரிவுரையாளர். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அதற்குள் அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட ஆசை.

காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். கலஹா வழியாக வளைந்து வளைந்து இறங்கும். தலை சுற்றுகிறவர்கள் முன்சீட்டில் இருங்கள். வழியில் இருந்த பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்தேன். கண்டக்டர், "ஐயா இருந்தா எனக்கு ஊர்ப் பேரு கத்துற வேலை மிச்சம்" என்றார். பஸ் கம்பஸ் ரோட்டாலேயே போகும், பேராதனைச் சந்தி வரை போகத் தேவையில்லை.

ஆய்வுகூடக் கதவில் மகளின் பெயர் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

பென்சில் கரியைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி, பிளாஸ்டிக்கில் கலந்து, மெல்லிய தாளாக ஊற்றிக் காயவைக்கிறாள். அது பேட்டரிக்குள் போகுமாம். ஜெர்மனிக்குப் போய்ப் படித்ததும் இதைத்தான். அன்று ஒரு தாள் இரும்பு அலுமாரி மாதிரியான அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. பதவிக்குத் தேவையான கடைசிக் கட்டுரை அந்தத் தாளை நம்பித்தான் இருந்தது.

சாப்பிடப் போகும்போது நான் கடைசியாக வெளியே வந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கடைசியாக வருகிறவர் சுவிட்சை அணைக்காவிட்டால் கரண்ட் பில்லைச் சொல்லி வீடே ஏசும். கை தானாகப் போனது.

திரும்பி வந்தபோது அடுப்பு ஆறி, தாள் சுருங்கிக் கிடந்தது.

"லைட்டை மட்டும்தானே அணைச்சீங்கப்பா?"

"எல்லாத்தையும்தாம்மா."

அவள் ஏசவில்லை. தன்னோடு ஆராய்ச்சி செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்குப் போன் எடுத்தாள். இந்த வலைப்பக்கத்தை எனக்குத் தொடங்கித் தந்தவரும் அவர்தான்.

"தாள் வீணாப் போச்சு தம்பி. கரண்ட் போயிருச்சு."

"கரண்ட் போனா நீங்கள் என்ன செய்யிறது அக்கா? திரும்ப ஊத்துவம். யூபிஎஸ் ஒண்டு கேட்டு நானே மேலிடத்துக்கு எழுதுறன். அப்பா வந்தவரோ? எல்லாம் வடிவாக் காட்டினனீங்களோ?"

பக்கத்தில் நின்று கேட்ட எனக்குத் தலை நிமிரவில்லை. அளந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை, எனக்காகப் பொய் சொன்னாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு பலகையும் வாசிக்கவில்லை.

இதை எழுதட்டுமா என்று மகளிடம் நேற்றுக் கேட்டேன். "எழுதுங்கப்பா, எனக்குத் தம்பிகிட்ட சொல்ல வாய் வரல" என்றாள்.

ஆய்வுகூடம் பார்க்கப் போகிறவர்கள் சப்பாத்து போட்டுப் போங்கள், செருப்போடு விடமாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

தம்பி, நான் எழுதுவதை முதலில் வாசிப்பது நீங்கள்தான். யூபிஎஸ் கேட்க வேண்டாம். அன்று கரண்ட் போகவில்லை.