ஆரல்வாய்மொழிப் போரில் நான் செத்த கதை

வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்குக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது ஒரு காக்கா வந்து என் தலையில் தட்டிவிட்டுப் போனது. காக்கா அதோடு விட்டுவிட்டது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கிழங்கைக் கீழே போட்டாள்.

காக்கா தலையில் தட்டினால் ஆயுசுக்குக் கேடு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பரிகாரமும் உண்டு. ஆள் செத்துவிட்டதாகச் சொந்தத்தில் யாருக்காவது பொய்ச் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் நம்பி ஒரு பாட்டம் அழுதுவிட்டால் கண்டம் கழிந்தது. என் மாமனாருக்கு இப்படித் தட்டியபோது மனுசன் சிரித்துத் தள்ளிவிட்டார். அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அதனால் இவளிடம் பகுத்தறிவு பேச எனக்கு வாய் வரவில்லை.

துபாயில் இருக்கும் தன் தம்பிக்கு அவளே போன் போட்டாள். "மக்கா, அத்தான் போயிட்டாரு" என்று ஆரம்பித்தவள், மேற்கொண்டு பொய் வராமல் வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் வீடியோ கால் வந்தது. போன் என் இலைப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துத் தொலைத்தேன்.

"அத்தான்! நீங்க செத்துப் போனதா அக்கா சொன்னா?"

"ஆமா மச்சான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரித்த சிரிப்பில் இவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மிண்டவில்லை. ஆனால் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள்.

அந்த வாரம்தான், பழைய சரித்திர நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறவர்கள் ஆரல்வாய்மொழியில் போர்வீரர்களுக்கு ஆள் தேடுவதாக அவள் காதில் விழுந்தது.

"போயி செத்துட்டு வாருங்க. டிவியில பாத்தா ஒருத்தருக்காவது கண்ணு கலங்காதா?"

அந்த நாவலை நான் நாலு தடவை படித்தவன். அதில் இந்தப் போரே கிடையாது. ஒற்றன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து போர் முடிந்துவிட்டது என்பான். அடுத்த பக்கத்தில் இளவரசி பூப்பறிக்கப் போய்விடுவாள். தொடர்க்காரர்கள் அந்த ஒற்றன் விட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் சண்டை போடத் தீர்மானித்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. போனேன்.

கிளம்பும்போது என் வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினாள்.

"சாகத்தானே போறேன்?" என்றேன்.

"அதுக்கு? கண்ணு பட்டுரக் கூடாதுல்லா."

ஆரல்வாய்மொழிக் காற்று எந்த ராஜாவுக்கும் அடங்காது. ஒட்டு மீசைகள் பறந்தன. சேர வீரன் மீசை பாண்டிய வீரன் தோளில் போய் ஒட்டியது. சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றன; அவை தெரியக் கூடாதென்று கேமராவைத் தரையைப் பார்த்தே வைத்தார்கள். ஆகவே நிற்கிற வீரனுக்குத் தலை கிடையாது, செத்தவனுக்குத்தான் முகம். தளபதிக்கு மட்டும் காற்றாலை விழாத பாறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

என் மீசை சொந்த மீசை, பறக்கவில்லை. அதுவே வினையாயிற்று. உதவி இயக்குநர் என்னிடம் வந்தார்.

"ஐயா, நீங்க சாக வேண்டாம். தளபதி பக்கத்துல நில்லுங்க. மூணு வாரமும் வருவீங்க."

"இல்ல தம்பி, எனக்குச் சாகணும்."

"எல்லாரும் உயிரோட இருக்கத்தான் சார் கேப்பாங்க!"

"வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சவத்த விடுங்க, அவரு சாவட்டும், நான் நிக்கேன்" என்று பக்கத்து வீரர் முந்திக்கொண்டார். கடைசியில், "சரி, ஓரமாப் போய்ச் செத்துத் தொலைங்க" என்று உத்தரவு கிடைத்தது. ஓரமாகச் செத்தேன். எறும்பு கடித்தும் அசையவில்லை. முப்பது வருஷ வேலையில்கூட நான் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் தம்பியை வீடியோவில் பிடித்து, போனை டிவிக்கு எதிரே ஒரு சொம்பில் சாய்த்து வைத்தாள். "அழணும், கேட்டியா?" என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தாள். வாள்கள் மோதின. விளம்பரம் வந்தது. மறுபடியும் வாள்கள். பிணங்களின் மேல் கேமரா மெல்ல நகர்ந்து வந்து என் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. முகம் இல்லை. கால் மட்டும், கணுக்காலில் அந்தக் கறுப்புக் கயிறு.

"அத்தானுக்க காலா அது?" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பாவி, சிரித்திருக்கக் கூடாது.

அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கயிறு கட்டி விட்டும் போயிட்டியளே" என்று நெஞ்சிலடித்துக்கொண்டு வெடித்து அழுதாள். அவள் அப்பா போனபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. போனில் சிரிப்பு நின்றது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அங்கே அவனும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான்.

"ஏட்டி, நான் இங்கதானே இருக்கேன்" என்று அவள் கையைப் பிடித்தேன். பட்டென்று தட்டிவிட்டாள்.

"கொஞ்சம் மிண்டாம இரியுங்க. நான் அழுது முடிக்கட்டும்."