பாடை மூங்கிலில் பிழைத்த என் தம்பி

என் தம்பி தாசன் கூடைப்பந்து மைதானத்தின் நடுவில் மடங்கி விழுந்தபோது, நான் வேலிக்கு வெளியே லொறியின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே விழுந்து நேரத்தைப் போக்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நானுஓயா ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். உடப்புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டினேன். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. அப்போது ஹட்டனில் ஒரு லொறியில் கிளீனராக இருந்தேன். தம்பியை மட்டும் அங்கே மிஷன் கல்லூரி விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். படிப்பும் ஜெபமும் அவனுடையவை, எனக்கு ஊர் சுற்றல் என்று இருந்தேன்.

மே மாதக் கடைசி. மலைநாட்டுக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆடும் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி நுவரெலியாவிலிருந்து வந்திருந்தது. தாசனின் கல்லூரி அணியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவன் ஒருவன்தான். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் லொறி நிறைய வந்தார்கள். முனியாண்டி அண்ணன் தன் தப்பு மேளத்தையும் கொண்டுவந்திருந்தார். விடியற்காலையில் வேலைக்கு எழுப்புவதற்கும், திருவிழாவுக்கும், சாவுக்கும் எங்கள் தோட்டத்தில் அவர்தான் தப்படிப்பார். தாசன் பந்து போடும்போதெல்லாம் திருவிழா அடி அடித்தார்.

விளையாட்டு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன தோட்டத்துக் காமன் கூத்தே? காணும், நிப்பாட்டுங்கோ!"

"எங்க பய பந்து போடுறத நிப்பாட்டச் சொல்லுங்க சார், நானும் நிப்பாட்டிர்றேங்க" என்றார் முனியாண்டி அண்ணன்.

சிரிப்பு அடங்குவதற்குள் தாசன் விழுந்தான். மாஸ்டர் ஓடிப்போய் வயிற்றைத் தொட்டார். பலகை மாதிரி இருந்தது. காலையிலிருந்தே வலியாம். சொன்னால் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான்.

"ஆருக்கும் சொல்லேல்லையே மடையா! டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, கெதியா!"

லொறியின் பின்னால் அவனை என் மடியில் கிடத்திக்கொண்டேன். முனியாண்டி அண்ணனும் ஏறிக்கொண்டார். பாதி வழியில் மழை கொட்டியது. அடுத்த வளைவில் மேட்டு மண் முழுவதும் சரிந்து பாதையை மூடிக் கிடந்தது.

"இனிப் போக ஏலாதுப்பா" என்று டிரைவர் இறங்கிவிட்டார்.

வயிற்றை அறுத்துப் பார்க்க டிக்கோயாவை விட்டால் பக்கத்தில் வேறு இடம் இல்லை. சரிவுக்கு அந்தப் பக்கம் மேலே ஒரு லயம் தெரிந்தது. கத்திப் பார்த்தேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அன்றுதான் முதல் தடவையாக என் வாயால் ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னைப் பார்க்க வேண்டாம், இவனைப் பாரும். யாராவது ஆளை அனுப்பும்." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தாசனின் கண் மேலே சொருகியது. முனியாண்டி அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். இறங்கி, கம்பளிக்குள் வைத்திருந்த தப்பை எடுத்து லொறி என்ஜின் சூட்டில் காட்டினார். நனைந்த தோலை உலர்த்துகிறார் என்று நினைத்தேன். அவர் அடிக்கத் தொடங்கினார். சாவு அடி. எங்கள் பக்கம் ஓர் உயிர் போனால் முதலில் பக்கத்து லயத்துக்குத் தப்பால் சொல்லிவிட வேண்டும். அது வழக்கம்.

"அடிக்காதீங்கண்ணே! உசுரு இருக்கு!"

"கண்ணு சொருகிருச்சுடா தம்பி. மனசத் தேத்திக்க" என்று அழுதுகொண்டே அடித்தார்.

என் ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று நினைத்தேன்.

மேட்டு லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். தலையில் கம்பளி, தோளில் மம்பட்டி. இரண்டு பேர் பச்சை மூங்கில் வெட்டித் தூக்கி வந்தார்கள். ஒருவர் கையில் கயிறு. சாவுக்கு வருகிறவர்கள் குழிக்கும் பாடைக்கும் வேண்டியதைக் கொண்டுதானே வருவார்கள். முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு பெண் லொறியில் ஏறி, தாசன் காலைக் கட்டிக்கொண்டு, "ஐயா ராசா, போயிட்டியா" என்று ஒப்பாரி தொடங்கினாள்.

தாசன் முனகினான். "தண்ணி..."

அவள் துள்ளி விலகினாள். "அடியாத்தி! பொணம் தண்ணி கேக்குது!"

"உசுரு கெடக்குடா! வழிய வெட்டுங்கடா!" என்று ஒருவர் கத்தினார்.

குழிக்குக் கொண்டுவந்த மம்பட்டிகளால் சரிந்த மண்ணில் படி வெட்டினார்கள். பாடை மூங்கிலில் கம்பளியைக் கயிற்றால் தொட்டில் மாதிரி கட்டி, அதில் என் தம்பியைக் கிடத்தித் தோள் மாற்றித் தோள் மாற்றி டிக்கோயா வரை தூக்கினார்கள்.

குடல்வால் என்றார் டாக்டர். இன்னும் பிந்தியிருந்தால் வெடித்து உயிர் போயிருக்கும் என்றார். அறுத்து முடியும்வரை, தூக்கி வந்தவர்களில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. எங்களை அவர்கள் அதற்கு முன் பார்த்ததும் இல்லை. முனியாண்டி அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அவசரப்பட்டுட்டேன்டா."

"நீங்க அவசரப்படலேன்னா..." என்று தொடங்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோப்பை நுவரெலியாவுக்குப் போயிற்று. தாசன் கட்டிலில் கிடந்து அதற்காக அழுதான். நான் அழவில்லை. இப்போது அவன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். முனியாண்டி அண்ணன் அவனைக் கண்டால், "பாடையேறி எறங்குன வாத்தியாரே!" என்றுதான் கூப்பிடுவார். நான் ஞானஸ்நானம் பெற்றேன். ஊர் சுற்றலை விட்டு, அதே லொறியை ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அது மிஷன் கோயில் வாசலில்தான் நிற்கும்.

ஆளை அனுப்பும் என்று மட்டும் கேட்டேன். மம்பட்டி, மூங்கில், கயிறு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் யாராவது பிழைப்பார்களா என்ற நிலையில் கிடந்தால், ஜெபம் பண்ணத் தெரியாது என்று என்னைப்போல் ஒதுங்கி நிற்காதீர்கள். தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். முதலில் காதில் விழுவது சாவு மேளமாக இருந்தாலும், யார் வருகிறார்கள், கையில் என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கும்வரை நம்பிக்கையை விடாதீர்கள்.